பிசிக்ஸ் பரீட்சைக்கு முந்தின நாள்

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

சிட்டு எழுதுகிறேன். என் நம்பரைப் பார்த்தால் நீங்கள் போனை எடுக்கமாட்டீர்கள். நீங்களும் அண்ணனும் பிரிந்த அன்று நான் அண்ணன் பக்கம் நின்று வாய்க்கு வந்ததைப் பேசினேனே, அதற்கப்புறம் எப்படி எடுப்பீர்கள்? அதனால்தான் கடிதம். டீச்சருக்கு எழுதுகிறோம் என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அண்ணன் என் வீட்டில்தான் இருக்கிறார். வேலை பார்த்த இடத்தில் சுருண்டு விழுந்து, கூட வேலை செய்கிறவர்கள் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். கணையத்தில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டதாம். ஊர் ஊராகப் போய்ப் பத்து மாடி, இருபது மாடி என்று லிஃப்ட் மாட்டிய மனிதர், இன்றைக்கு என் வீட்டு வாசல்படி இரண்டை ஏற மூச்சு வாங்கி நிற்கிறார்.

உங்களுக்குச் சொல்லவே கூடாது என்றார். அப்புறம் நேற்று, நான் கடைக்குக் கிளம்பி மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே, "பாப்பாவ ஒரு தடவ பாக்கணும் சிட்டு"ன்னார். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் மகளை ஒரு நாள் அனுப்பினால் போதும் அண்ணி. காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம். என் மேல் இருக்கும் கோபத்தை அவர் மேல் காட்டாதீர்கள்.

சிட்டு


பிப்ரவரி 16

சிட்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன். மணி அடித்தது கூடக் காதில் விழவில்லை. அவருக்கு இப்படி ஆக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

ஆனால் இப்போது அனுப்ப முடியாது.

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. நான் பன்னிரண்டாம் வகுப்பின் ஆசிரியை. நம் பிள்ளையும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள், தெரியும்தானே? இந்த வகுப்பு இப்போது இருக்கும் நிலையை நீ வந்து பார்க்க வேண்டும். மாதிரித் தேர்வில் ஒருத்தி கேள்வித்தாளைப் பார்த்ததும் வாந்தி எடுத்துவிட்டாள். ஒருவன் வரிக்கு வரி பாடத்தை ஒப்பித்துக்கொண்டே வராந்தாவில் நடக்கிறான், எதிரில் வருகிறவர்கள்தான் ஒதுங்க வேண்டும். என் மேசை டிராயரில் சாக்பீஸைவிடத் தலைவலி மாத்திரைதான் அதிகம். பிள்ளைகள் கண்ணாடிப் பாத்திரம் போல இருக்கிறார்கள். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் விரிசல் விழுந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. "இந்த ஞாயித்துக்கிழமை வரேன் பாப்பா" என்று உன் அண்ணன் சொன்ன எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. இருட்டிய பிறகு நான்தான் லேஸை அவிழ்த்துவிடுவேன். அவள் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு காத்திருப்பதை நிறுத்தினாள். அப்பாவைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்தினாள். மூடிய புண்ணைப் பரீட்சை நேரத்தில் திறக்க எனக்கு மனமில்லை.

தேர்வு முடியட்டும். கடைசிப் பரீட்சை அன்று மதியம் பள்ளியில் பிரிவு விழா. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இது என் வாக்கு. நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை என்று அவருக்கே தெரியும்.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். ஷூ லேஸ் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். கேட்டுவிட்டு, "டீச்சர் சொல்றது நியாயந்தானே"ன்னு சிரித்தார். அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். நீங்கள் எப்போதுமே நியாயத்தைத்தான் சொல்வீர்கள் அண்ணி. உங்களிடம் வாதம் செய்ய ஒரு ஓட்டை கிடைக்காது. அதுதான் உங்களோடு இருந்தவர்களுக்குக் கஷ்டம்.

அன்றையிலிருந்து கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடிக்கிறார். குடித்ததில் பாதி வெளியே வந்துவிடுகிறது, ஆனாலும் இன்னொரு டம்ளர் கேட்கிறார். "மார்ச் கடைசி வரைக்கும் இந்த வண்டிய ஓட்டணும்ல"ங்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தேர்தலைப் பற்றிப் பேச வந்தால், இவர் கெமிஸ்ட்ரி என்றைக்கு, பயாலஜி என்றைக்கு என்று அவருக்கு விளக்குகிறார். அந்த மனுஷனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, பாவம், தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போகிறார்.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "மார்ச் கடைசின்னு நான் சொல்ல மாட்டேம்மா"ன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வர வேண்டாம், சரி. போனிலாவது பேசச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டாம். சும்மா நல்லா எழுது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். குரலை மட்டும் கேட்டால் போதும் என்கிறார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை அண்ணி.

சிட்டு


மார்ச் 12

சிட்டுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தேர்வு ஆரம்பித்துவிட்டது. மொழித்தாள்கள் இரண்டும் முடிந்தன. காலையில் பள்ளி கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வார்த்தை பேசி உள்ளே அனுப்புகிறேன். ஒருத்திக்குப் பேனா, ஒருவனுக்கு ஹால் டிக்கெட்டை எடுத்துவரச் சொல்லி அவன் அண்ணனுக்குப் போன், இன்னொருத்திக்குக் குடிக்கத் தண்ணீர்.

இந்த வாரம் ஒன்று நடந்தது. என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், எல்லோரும் மைக்செட் என்று கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஸ்டடி லீவிலும் பள்ளிக்கே வந்து படித்துக்கொண்டிருந்தவளைத் தேடி அவள் சித்தப்பா வந்தார். அவள் அம்மாவை வண்டி மோதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "மிஸ், பரீட்சை முடியற வரைக்கும் சொல்லாம நீங்களே எப்படியாவது பாத்துக்குங்க"ன்னார். எனக்கு வந்ததே கோபம். "பெத்த அம்மா ஆஸ்பத்திரியில கெடக்கா, அத மறைக்க நீங்க யாரு, நான் யாரு?"ன்னு அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு, நானே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. அடுத்த தாளை அவள் எழுதவில்லை. "போனாப் போகுது, துணைத்தேர்வுல எழுதிக்கலாம். பரீட்சை எங்கயும் ஓடிடாது"ன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முந்தாநாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு நம் பிள்ளையின் அறை வரை போனேன். கதவு பாதி திறந்திருந்தது. ஒரு கணக்கைப் போட்டு, விடை சரியாக வந்துவிட்டது போல, தனக்குத்தானே தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அப்பா குரலைக் கேட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை இப்போது செய்து பார்க்க முடியாது சிட்டு.

இன்னும் கொஞ்ச நாள்தான். அவரைச் சாப்பிடச் சொல். வந்துவிடுகிறோம் என்று சொல்.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

நேற்று முன்தினம் உங்கள் பள்ளி ஆபீசுக்குப் போன் செய்தபோது கிளார்க் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் போய்விட்டார் என்றேன். நீங்கள் "சரி" என்றீர்கள். அப்புறம், "நாளைக்கு அவளுக்குப் பிசிக்ஸ்" என்றீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் நின்றிருந்தால் மறுபடி வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன். ஒரு தடவை பேசியதே நம் இரண்டு பேருக்கும் போதும்.

அன்றைக்குக் காலையில் நன்றாகத்தான் இருந்தார். முகம் கழுவிவிட்டேன். "தாடி முள்ளு மாதிரி இருக்கு, பாப்பா வரும்போது வழிச்சு விட்டுரு"ன்னார். சரி என்று அடுப்படிக்குப் போய்க் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வருவதற்குள் கழுத்து சாய்ந்துவிட்டது. என் கையில் டம்ளர் அப்படியே இருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்றைக்குச் சொல்வீர்களோ, எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. நான் குறுக்கே வரமாட்டேன்.

சிட்டு


ஏப்ரல் 3

சிட்டுவுக்கு,

நீ பதில் எழுத வேண்டியதில்லை. படித்தால் போதும்.

அன்றைக்கு ஆபீசிலிருந்து, பிசிக்ஸுக்காக நடத்திக்கொண்டிருந்த சிறப்பு வகுப்புக்குத் திரும்பிப் போனேன். போர்டில் பாதியில் விட்ட கணக்கு இருந்தது. அதை முடித்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் அவளும் எழுதிக்கொண்டாள். அவள் பின்னங்கழுத்தில் உன் அண்ணனுக்கு இருப்பது போலவே ஒரு சுழி இருக்கிறது. அதைப் பார்த்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கமே திரும்பாமல் பாடம் நடத்தினேன். மறுநாள் காலை அவளுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தேன். கேட்டில் நின்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே, "கேள்விய ரெண்டு தடவ படி" என்று சொல்லி அனுப்பினேன். நன்றாக எழுதியதாக வந்து குதித்தாள்.

கடைசித் தாள் முடிந்த மதியம் பிரிவு விழா நடந்தது. பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, கலர் காகிதம் கட்டி, ஒரு சின்ன மேடை. வெள்ளைச் சட்டைகளில் ஒருவர் முதுகில் ஒருவர் பெயர் எழுதிக்கொண்டார்கள். இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு பையன்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மைக்செட் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, அழுகிறவர்களை எல்லாம் அதட்டினாள்.

நம் பிள்ளை மேடையேறி ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்டினாள். கடைசியில் என்னைப் போல. இடுப்பில் கை வைத்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நேரம் இருக்கு, பதட்டப்படாதீங்க, நேரம் இருக்கு"ன்னு. அறையே சிரித்தது. தலைமை ஆசிரியை என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன் சிட்டு. வாயைத் திறந்து, பல் தெரிய. அவர் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், அப்பா போய்விட்டார் என்று. அவள் அழவில்லை.

"எப்போ?"ன்னா.

"பிசிக்ஸுக்கு முந்தின நாள்."

"அடுத்த நாள் காலையில எனக்கு முட்டை அவிச்சுக் குடுத்தீங்க."

"ஆமா."

"மைக்செட்டுக்கு அன்னைக்கே சொன்னீங்க. ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. கிளாஸ்ல எல்லாரும், உங்க அம்மா மாதிரி வராதுடின்னு எங்கிட்டதான் சொன்னாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை இந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. அந்தச் சித்தப்பாவை நான் கேட்ட கேள்வி என் காதுக்குள் அப்படியே திரும்பக் கேட்டது.

அன்றிலிருந்து வீட்டில் என்னை மிஸ் என்று கூப்பிடுகிறாள். பள்ளியில் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு காலத்தில் நான் போட்ட சட்டம் அது. "சாப்பாடு வேணாம் மிஸ்." "கதவச் சாத்திட்டேன் மிஸ்." அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வாரம் காலை பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறாள். தனியாகத்தான் போவேன் என்கிறாள். தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? முகவரியைச் சரியாகச் சொல்லியிருக்கிறேன். எனக்காக இல்லை, அவளுக்காகக் கேட்கிறேன். கொஞ்ச நாள் வைத்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

பாப்பா நன்றாக இருக்கிறாள். வந்த அன்று வாசலில் நின்று, "அத்தை, நான் யாருன்னு தெரியுதா?"ன்னா. தெரியாமல் என்ன? முழங்காலில் சிராய்ப்போடு என் மடியில் ஏறி உட்கார்ந்தவள். இன்றைக்கு என்னைவிட ஒரு சாண் உயரம். அவர் படுத்திருந்த கட்டிலில்தான் படுக்கிறாள். பகலில் என்னோடு கடைக்கு வருகிறாள். கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்கிறாள். முந்தாநாள் ஒரு பெரியவர் தடுமாறியபோது, "நேரம் இருக்கு தாத்தா, பதட்டப்படாதீங்க"ன்னா. சொல்லிவிட்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள். நான் கடையை அடைத்துவிட்டுக் கூட உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இப்போது என் மேலும் இருக்கிறது. பஸ் ஏறினால் நாலு மணி நேரம். நானே வந்து பள்ளி வாசலில் நின்று, "வாடி, அப்பா கூப்பிடறார்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். யார் தடுத்திருக்க முடியும்? டீச்சர் சொல்லிவிட்டார்கள் என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணனும்தான் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு எதிராகப் பேசிப் பழக்கமே இல்லாமல் போய்விட்டது எங்களுக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று துணி காயப்போடும்போது கேட்டாள். "அத்தை, அப்பா என்னக் கேட்டாரா? ஒரு தடவையாவது?"

நீங்கள் அவளிடம் அதைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திடீரென்று போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசி வரை தன்னை நினைக்கவே இல்லை என்றும் நினைக்கிறாள். நான் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்துத் தப்பித்தேன். கேட்டார் என்று சொன்னால் அவளுக்கு நீங்கள் மிஞ்சமாட்டீர்கள். கேட்கவில்லை என்று சொன்னால் அண்ணனுக்குத் துரோகம். இரண்டையும் நான் செய்யமாட்டேன்.

இது நீங்கள் சொல்ல வேண்டியது. கடிதத்தில் வேண்டாம். நேரில் வாருங்கள் அண்ணி.

சிட்டு


மே 14

சிட்டுவுக்கு,

நேற்று நான் உன் வீட்டுக்கு வந்தபோது நீ வேண்டுமென்றேதான் கடைக்குச் சீக்கிரம் கிளம்பினாய், தெரியும். பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மார்க் ஷீட்டைக் கொடுத்தேன். வாங்கி, பார்க்காமல் மேசை மேல் வைத்தாள். பிசிக்ஸில் பள்ளியிலேயே அவள்தான் முதல். தலைமை ஆசிரியை எனக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னபோது, அந்த எண்ணைப் பார்க்க என் கண்ணுக்குத் தெம்பில்லை.

அப்புறம் சொன்னேன். வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று பத்து விதமாகப் பேசிப் பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அப்பா உன்னக் கேட்டாரு. பாக்கணும்னாரு. அப்புறம் குரலையாவது கேக்கணும்னாரு. அத்தை ரெண்டு தடவையும் எழுதினா. நான்தான் வேணாம்னேன். பரீட்சை முடியட்டும்னேன்."

எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றாள். நீ கழற்றி வைத்திருந்த திரைத்துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எவ்ளோ நாள் இருந்தாரு, அதுக்கப்புறம்?"

சொன்னேன். ஒரு மாதத்துக்கு மேல் என்று.

"அப்போ பரீட்சையே ஆரம்பிக்கல."

"ஆமா."

மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டி வருமே, அந்தச் சுமையையும் அவள் தலையில் வைக்க வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். உன் அண்ணன் கஞ்சி குடித்ததைப் பற்றி நீ எழுதியதை மட்டும் சொன்னேன். மார்ச் கடைசி வரை வண்டியை ஓட்டப் பார்த்தார் என்று. அதைக் கேட்டதும் மடித்த துணியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போனேன். தொட விடவில்லை. ஆனால் அறையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை.

இந்த வருடம் உன்னோடுதான் இருப்பேன் என்கிறாள். அங்கேயே கல்லூரியில் சேர்ந்துகொள்கிறாளாம். சரி என்றேன். எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்கவில்லை. அவளுடைய துணிகளையும் புத்தகங்களையும் பார்சலில் அனுப்புகிறேன். மழையில் நனைந்தால் அவளுக்கு உடனே தொண்டை கட்டும், குடையை அவள் கையில் திணித்துத்தான் அனுப்ப வேண்டும். மற்றதெல்லாம் உனக்கே தெரிந்துவிடும்.

நான் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் பேசமாட்டாள் என்று தோன்றியது.

"நான் வந்திருப்பேம்மா"ன்னா. "வந்து அப்பாவோட இருந்துட்டு, திரும்பிப் போயி, பரீட்சையும் எழுதியிருப்பேன்."

எழுதியிருப்பாள், சிட்டு. நன்றாகவே எழுதியிருப்பாள். வருடா வருடம் ஊரார் பிள்ளைகளை எல்லாம் கேட்டில் நிறுத்தி, உன்னால முடியும் போ என்று சொல்லி அனுப்புகிறவள் நான். என் பிள்ளையால் முடியும் என்று மட்டும் நான் நம்பவில்லை.

அண்ணி